செலினியமும் வைரஸ் தொற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செலினியம் மாத்திரை சாப்பிட்டால் சளி, காய்ச்சல், கொரோனா எதுவும் அண்டாதா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. செலினியம் என்பது உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் ஒரு தாதுச்சத்து. உடலில் செலினியம் குறைந்தவருக்கு சில வைரஸ் தொற்றுகள் கடுமையாகின்றன என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. அந்தக் குறையைச் சரிசெய்தால் கூடுதல் ஆபத்து விலகும். ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவர் மேலும் விழுங்கினால் பாதுகாப்பு கூடுவதில்லை. அளவு மிஞ்சினால் முடி கொட்டும், நகம் பெயரும். எனவே மாத்திரை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது, நமக்குக் குறை இருக்கிறதா என்பதைத்தான்.

நோய் எதிர்ப்பில் செலினியத்தின் வேலை என்ன?

அது நேரடியாக எந்த வைரஸையும் கொல்வதில்லை. உடல் அதைச் செலினோசிஸ்டீன் என்ற அமினோ அமிலமாக்கி, சில புரதங்களின் வேலை நடக்கும் மையத்திலேயே பொருத்துகிறது. மனிதர்களிடம் இத்தகைய புரதங்களுக்கு 25 மரபணுக்கள் உண்டு. அவற்றில் நன்கு அறியப்பட்டது குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் குடும்பம். இந்த நொதியில் செலினியம் இருப்பது 1973-ல் உறுதியானது.

வைரஸ் புகுந்த செல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடும், கொழுப்பிலிருந்து பிறக்கும் பெராக்சைடுகளும் பெருகுகின்றன. கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் இதே வகைப் பொருட்களைக் கக்குகின்றன. அவற்றை அந்தந்த இடத்திலேயே அடக்கி வைப்பது இந்த நொதிகள்தாம். அடக்க ஆளில்லாவிட்டால் அழற்சி வேண்டிய அளவைத் தாண்டி, சொந்தத் திசுவையே அரிக்கும். டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்கும் இந்தக் காவல் தேவை. தொற்றைக் கண்டதும் அவை வேகமாகப் பெருகும். அப்போது நான்காம் வகைக் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் இல்லையென்றால் செல் சவ்விலுள்ள கொழுப்பு கெட்டு, பெருகிய செல்கள் மடிந்துவிடுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

செலினியம் தட்டுப்பாடு வந்தால் உடல் அதை எல்லா உறுப்புக்கும் சமமாகப் பங்கிடாது. மூளை, தைராய்டு, விரை ஆகியவற்றுக்கு முதலிடம். கல்லீரலிலும் ரத்த அணுக்களிலும் உள்ள முதலாம் வகை நொதி முதலில் சரியும். அதனால் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலேயே எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்க முடியும்.

செலினியம் குறைந்தால் வைரஸே மாறிவிடுமாமே, உண்மையா?

எலிகளில் உண்மை. இந்தத் துறையிலேயே மிக முக்கியமான கண்டுபிடிப்பு அதுதான். அதைப் புரிந்துகொள்ளச் சீனாவிலிருந்து தொடங்க வேண்டும்.

வடகிழக்குச் சீனாவில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் கேஷான் வட்டத்தில் 1935-ல் ஒரு இதய நோய் கொத்துக்கொத்தாக மக்களைத் தாக்கியது. இதயத் தசை ஆங்காங்கே செத்து, இதயம் வீங்கிச் செயலிழக்கும். பலியானவர்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும். வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டைபோல நீண்டுகிடக்கும் நிலப்பகுதியில்தான் இந்த நோய் இருந்தது. அந்தப் பட்டையின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. தங்கள் வயலில் விளைந்ததை மட்டுமே உண்ட அந்த மக்களுக்கு ஒரு நாளில் சுமார் 10 மைக்ரோகிராம்தான் கிடைத்துவந்தது.

1974-ல் சிச்சுவான் மாகாணத்தின் மியான்னிங் வட்டத்தில் 1 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 5 வயது வரை வாரம் 0.5 மில்லிகிராம், அதற்கு மேல் 1 மில்லிகிராம். அந்த ஆண்டு மாத்திரை பெற்ற 4,510 பேரில் 10 பேருக்கு நோய் வந்தது. பெறாத 3,985 பேரில் 54 பேருக்கு வந்தது. அடுத்த ஆண்டு 6,767 பேரில் 7; பெறாத 5,445 பேரில் 52. இதைக் கண்ட பிறகு மாத்திரை கொடுக்காமல் ஒரு குழுவை வைத்திருப்பது நியாயமில்லை என்று, 1976-ல் அனைவருக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. மண்ணில் செலினியம் ஆண்டு முழுக்க ஒரே அளவு குறைவு. நோயோ சில பருவங்களில், சில ஆண்டுகளில் மட்டும் ஏறியது. தொற்றுநோய்தான் அப்படி ஏறி இறங்கும். நோயாளிகளின் உடலிலிருந்து, இதயத் தசையைத் தாக்கக்கூடிய காக்ஸாக்கி என்ற வைரஸும் பிரித்தெடுக்கப்பட்டது.

இந்த முடிச்சை அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மெலிண்டா பெக், அமெரிக்க வேளாண் துறையின் ஆர்வில் லெவாண்டர் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். எலிகளின் இதயத்தைப் பாதிக்காத ஒரு சாதுவான காக்ஸாக்கி பி3 வைரஸை, செலினியம் இல்லாத தீனியில் வளர்ந்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். இதயம் புண்ணானது. அது எதிர்பார்த்ததுதான். அந்த எலிகளிலிருந்து வைரஸை எடுத்து, நல்ல தீனி உண்ட எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் இதயமும் புண்ணானதை யாரும் எதிர்பார்க்கவில்லை. வைரஸின் மரபுத்தொடரில் ஆறு இடங்கள் மாறியிருந்தன. 1995-ல் வெளியான இந்த முடிவின் பொருள் கனமானது: ஊட்டம் குறைந்த ஒரு உடலில் உருமாறிய வைரஸ், ஊட்டம் நிறைந்தவரையும் வீழ்த்தக்கூடும். 2001-ல் அதே குழு இன்ஃப்ளுவென்சா வைரஸிலும் இதையொத்த விளைவைக் காட்டியது. நுரையீரல் அழற்சி கடுமையானது, வைரஸின் மரபணுவும் மாறியது.

ஏன் மாறுகிறது? காக்ஸாக்கி, இன்ஃப்ளுவென்சா போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தங்களைப் படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்துவதில்லை. பிழை பிறந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பு பலமாக இருந்தால் வைரஸ் சீக்கிரம் ஒழியும், பிழைகளும் அதோடு போகும். எதிர்ப்பு தளர்ந்தால் அது அதிக நாள் தங்கி, அதிகமாகப் பெருகி, வலுத்த வகை மேலே வர நேரம் கிடைக்கிறது. பெராக்சைடுகள் ஆர்.என்.ஏ.வை நேரடியாகச் சிதைப்பதும் சேர்ந்துகொள்ளலாம். முதலாம் வகைக் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் மரபணுவை நீக்கிய எலிகளில், தீனியில் குறையே இல்லாதபோதும், இதேபோல் வைரஸ் உருமாறி இதயம் புண்ணானது. குற்றவாளி அந்த நொதியின் குறைவுதான் என்பதற்கு அது நல்ல சாட்சி.

மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா?

நோயை வேண்டுமென்றே கொடுத்துச் சோதிக்க முடியாது. அதனால் பிரிட்டனில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் செலினியம் சற்றுக் குறைவாக இருந்த பெரியவர்களை மூன்று குழுவாக்கி, 15 வாரங்களுக்குத் தினமும் 50 மைக்ரோகிராம், 100 மைக்ரோகிராம், அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். நடுவில் உயிருள்ள, வீரியம் குறைத்த போலியோ சொட்டு மருந்து. செலினியம் பெற்றவர்களின் டி செல்கள் வேகமாகப் பெருகின. சொட்டு மருந்து வைரஸ் உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறியது. மலத்தில் வந்த வைரஸில் மரபணு மாற்றங்களும் குறைவு. 2004-ல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் எலிகளில் கண்டதை மனிதரிடமும் தொட்டுக் காட்டியது. ஃப்ளூ தடுப்பூசியோடு பின்னர் நடந்த ஆய்வில் இவ்வளவு தெளிவு இல்லை. சில அளவீடுகள் கூடின, சில குறைந்தன.

எச்.ஐ.வி.யில் போட்ஸ்வானாவில் 878 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) இன்னும் தொடங்காதவர்களுக்கு பி, சி, ஈ வைட்டமின்களோடு 200 மைக்ரோகிராம் செலினியமும் சேர்த்து 24 மாதம் கொடுத்தபோது நோய் முற்றுவது மெதுவானது. செலினியத்தைத் தனியாகக் கொடுத்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. எச்.ஐ.வி. உள்ள யாரும் இதைக் காரணம் காட்டி ஏ.ஆர்.டி. மருந்தை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது.

கொரோனாவில் என்ன தெரிந்தது?

சீன நகரங்களில் மக்களின் தலைமுடியில் இருந்த செலினியத்துக்கும் குணமானோர் விகிதத்துக்கும் தொடர்பு இருப்பதாக 2020-ல் ஒரு அலசல் வந்தது. ஜெர்மனியில் இறந்த நோயாளிகளின் ரத்தத்தில், பிழைத்தவர்களைவிடச் செலினியம் குறைவாக இருந்தது. தென்னிந்தியாவில் 30 நோயாளிகளையும் நோயில்லாத 30 பேரையும் ஒப்பிட்ட சிறு ஆய்விலும் நோயாளிகளுக்கே குறைவு.

இதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். கடும் அழற்சி வந்தாலே, கல்லீரல் செலினோபுரதம் பி என்ற கடத்தும் புரதத்தை உருவாக்குவதைக் குறைத்துவிடும். ரத்தத்தில் செலினியம் தானாகவே இறங்கும். குறைவால் நோய் கடுமையானதா, நோய் கடுமையானதால் அளவு இறங்கியதா என்பதை இந்த ஒப்பீடுகள் பிரித்துச் சொல்லாது.

எப்செலென் என்ற செலினியச் சேர்மம் கொரோனா வைரஸ் பெருகத் தேவையான முக்கியப் புரோட்டியேஸை (புரதத்தை வெட்டும் நொதியை) தடுப்பதாகச் சோதனைக்கூடத்தில் கண்டதும் உண்மை. அது மருந்து மூலக்கூறு. மீனிலும் முட்டையிலும் உள்ள செலினியத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஊசியாக அதிக அளவு கொடுத்தால் பிழைப்பார்களா?

ஜெர்மனியில் கடுமையான செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிகள் 1,089 பேரிடம் தினமும் 1,000 மைக்ரோகிராம் வரை நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது: இறப்பு குறையவில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு 40 மைக்ரோகிராம் என்கிறது. அமெரிக்க அளவு 55. அங்கே கர்ப்பிணிக்கு 60, பாலூட்டும் தாய்க்கு 70. குழந்தைகளுக்கு 1–3 வயதில் 20, 4–8 வயதில் 30, 9–13 வயதில் 40. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கு 70 என வைத்திருக்கிறது. உயர் வரம்பு அமெரிக்கக் கணக்கில் 400. ஐரோப்பாவில் 2023-ல் அதை 255 ஆகக் குறைத்தார்கள். உணவு, மாத்திரை, புரதப் பொடி எல்லாம் சேர்ந்த மொத்தம்தான் இந்த வரம்பு. தேவைக்கும் வரம்புக்கும் இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள சத்துகள் அதிகமில்லை. அதனால் கணக்கு முக்கியம்.

எந்த உணவில் கிடைக்கும்?

கடல் மீன்தான் நம்பகமானது. அமெரிக்க உணவு அட்டவணைப்படி 85 கிராம் சூரை மீனில் சுமார் 90 மைக்ரோகிராம், அதே எடை மத்தியில் 45, இறாலில் 40-ஐ ஒட்டி, கோழிக்கறியில் 20-க்குச் சற்று மேல். ஒரு முட்டையில் 15. ஒரு தம்ளர் பாலில் 8. நாலைந்து மத்தியைக் குழம்பில் போட்டுச் சாப்பிடும் நாளில் இந்தியப் பரிந்துரை அளவு அந்த ஒரு வேளையிலேயே நிரம்பிவிடும். விலை உயர்ந்த மீன் தேவையே இல்லை.

சமைப்பதால் பெரிய இழப்பு இல்லை, ஏனென்றால் உணவிலுள்ள செலினியம் பெரும்பாலும் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. கொதிக்கவைத்த நீரை வடித்துக் கொட்டினால் கொஞ்சம் போகும்.

சைவர்களுக்கு?

முழுக் கோதுமை, பருப்பு, சூரியகாந்தி விதை, எள், காளான், பால், பனீர். ஒரு கப் வெந்த பருப்பில் 6 மைக்ரோகிராம்போல, ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதையில் 15-ஐ ஒட்டி என்று அட்டவணை சொல்லும். ஆனால் தாவர உணவுக்கு அட்டவணையை அப்படியே நம்ப முடியாது. பயிருக்குச் செலினியம் அத்தியாவசியமில்லை. மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் இல்லாமலேயே விளையும். ஒரே ரகக் கோதுமையில் ஊருக்கு ஊர் பல மடங்கு வேறுபாடு வரும். பால், முட்டையும் சேர்க்காத முழுத் தாவர உணவுக்காரர்கள் தானியத்தையும் பருப்பையும் ஒரே இடத்து விளைச்சலாக இல்லாமல் மாற்றி மாற்றி வாங்குவது நல்லது.

மண்ணில் இருந்தால் பயிருக்கும் வந்துவிடுமா?

எல்லா மண்ணிலும் வராது. இலங்கை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அங்கே முன்கழலை (கழுத்தில் தைராய்டு வீக்கம்) அதிகமுள்ள ஈர மண்டலத்தின் மண்ணில் செலினியம் இருக்கிறது. ஆனால் மண்ணின் அமிலத்தன்மையும், இரும்பு ஆக்சைடும், கரிமப் பொருளும் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால் நெல்லுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். 2000-ல் வெளியான ஆய்வில், அந்த ஊர்ப் பெண்களில் கணிசமானோரின் தலைமுடியில் செலினியம் குறைவாக இருந்தது.

பின்லாந்து இதற்கு நாடு தழுவிய தீர்வு கண்டது. 1980-களின் நடுவிலிருந்து தானிய உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம் என்று செலினேட் வடிவில் செலினியத்தைச் சேர்த்தார்கள். பிறகு ரத்த அளவுகளைப் பார்த்துப் பார்த்து அந்த அளவைக் குறைத்தும் கூட்டியும் வருகிறார்கள். பயிர் உறிஞ்சி, புரதமாக்கி, மாடும் மனிதரும் உண்ணும் இந்த வழியில் யாரும் அளவு மீறி விழுங்கும் ஆபத்து இல்லை. தட்டுப்பாடுள்ள நாடுகளுக்கு மாத்திரையைவிட இதுவே சிறந்தது.

பிரேசில் கொட்டை தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடலாமா?

கூடாது. 28 கிராமில், அதாவது ஆறு முதல் எட்டுக் கொட்டைகளில், சுமார் 540 மைக்ரோகிராம் இருக்கும்; வரம்பைத் தாண்டியாகிவிட்டது. விளைந்த இடத்தைப் பொறுத்து இது இன்னும் ஏறும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். அதோடு செலினியம் மாத்திரை வேண்டாம்.

யாருக்கு உண்மையிலேயே குறைபாடு வரும்?

டயாலிசிஸ் செய்பவர்கள், எடைக் குறைப்பு அறுவை செய்தவர்கள், குடல் நோயால் சத்து உறிஞ்ச முடியாதவர்கள், நீண்ட நாள் நரம்பு வழி உணவில் இருப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், ஒரே வட்டாரத்து அரிசியை மட்டும் நம்பி மீன், முட்டை, பால் எதுவும் போதாமல் வாழ்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்குச் செலினியம் மட்டுமே குறைந்திருக்காது. புரதமும் துத்தநாகமும் இரும்பும் சேர்ந்தே குறையும். அவர்கள் தட்டில் ஒரு முட்டை வைப்பது எந்த மாத்திரையையும்விடப் பயன் தரும்.

ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

மேலே சொன்ன பிரிவினர் மருத்துவர் சொன்னால் செய்யலாம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா அல்லது சீரத்தில் பார்க்கிறார்கள். சாதாரணக் குழாயின் மூடியிலும் ரப்பரிலும் உலோகக் கசிவு இருக்கலாம். நுண்தாதுகளுக்கென்று உள்ள அடர்நீல மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 70 முதல் 90 மைக்ரோகிராம் வந்தால் ரத்தத்திலுள்ள குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் முழு அளவை எட்டிவிடும். செலினோபுரதம் பி முழுமை பெற 120-ஐ ஒட்டி வேண்டும். அறிக்கையில் மைக்ரோமோல் என்று இருந்தால் 79-ஆல் பெருக்குங்கள்.

காய்ச்சல் உள்ளபோது எடுக்காதீர்கள். அழற்சியால் அளவு பொய்யாக இறங்கியிருக்கும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் கூடவே அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் பாருங்கள். தலைமுடிப் பரிசோதனை தனிநபருக்கு நம்பத்தக்கதல்ல. பொடுகு ஷாம்பூ பலவற்றில் செலினியம் சல்ஃபைடு உண்டு. அதைத் தேய்த்தவரின் முடி எவ்வளவு வேண்டுமானாலும் காட்டும்.

மாத்திரை வாங்கும்போது லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

எழுதியிருக்கும் அளவு தனிமச் செலினியத்தினுடையதா, சேர்மத்தினுடையதா என்று பாருங்கள். 100 மைக்ரோகிராம் சோடியம் செலினைட்டில் செலினியம் 46; செலினோமெத்தியோனைனில் 40. மில்லிகிராமும் மைக்ரோகிராமும் மாறிப்போனால் ஆயிரம் மடங்கு தவறு, அதனால் அலகை இரண்டு முறை படியுங்கள். வீட்டிலுள்ள மல்டிவைட்டமின், முடி வளர்ச்சி மாத்திரை, தைராய்டுக்கான துணைச்சத்து மூன்றிலும் செலினியம் ஒளிந்திருக்கலாம். கூட்டிப் பாருங்கள்.

செலினோமெத்தியோனைன், செலினியம் ஈஸ்ட் ஆகியவை நன்றாக உறிஞ்சப்படும். ஆனால் மெத்தியோனைன் என்று நினைத்து உடல் அதைத் தசைப் புரதத்திலும் சேர்த்துவைக்கும், வெளியேற மாதக்கணக்கில் ஆகும். செலினைட் அப்படித் தேங்காது. செலினைட்டை அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையோடு ஒன்றாக விழுங்கினால் அது கரையாத தனிமமாகி வீணாகும். சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

அளவு மிஞ்சினால் எப்படித் தெரியும்?

மூச்சில் பூண்டு வாடை முதல் அடையாளம், பூண்டு தின்னாதபோதும். வாயில் உலோகச் சுவை, குமட்டல், வயிற்றுப்போக்கு, அசதி. பிறகு முடி கொத்தாகக் கொட்டும், நகத்தில் வெள்ளைக் கோடு விழுந்து உடையும், கைகால் மரத்துப்போகும். சீனாவின் என்ஷி பகுதியில் 1960-களில் ஊர் ஊராக முடியும் நகமும் இழந்தார்கள். அங்கே நாளொன்றுக்குச் சராசரி 5 மில்லிகிராமை ஒட்டி உடலுக்குள் போயிருந்தது. அமெரிக்காவில் 2008-ல், லேபிளில் சொன்னதைவிட 200 மடங்கு செலினியம் கலந்துபோன ஒரு திரவச் சத்து மருந்தால் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். இந்தியாவில் பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் வட்டாரங்களில் மண்ணிலேயே செலினியம் மிகுதி. மாட்டின் குளம்பு கழன்றுவிழும் அளவுக்கு உண்டு. 2025 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில் திடீரென முடி கொட்டியதற்கும் கோதுமையிலிருந்த அதிகச் செலினியமே காரணம் என்று அங்கே ஆராய்ந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் கூறினார்.

மெதுவான தீங்கும் உண்டு. அமெரிக்காவில் தினமும் 200 மைக்ரோகிராம் வருடக்கணக்கில் எடுத்த ஒரு பெரிய ஆய்வில் புற்றுநோய் குறையவில்லை. முன்பே செலினியம் அதிகமிருந்த ஆண்களுக்குக் கடுமையான வகைப் புராஸ்டேட் புற்றுநோய் கூடியது. இன்னொரு ஆய்வில் சர்க்கரை நோய் கூடியது. சர்க்கரை நோய் பரவியிருக்கும் நம் குடும்பங்களில் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தைராய்டு உள்ளவர்கள் எடுக்கலாமா?

தைராய்டு ஹார்மோனை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் நொதிகளிலும் செலினியம் உண்டு. ஆனால் அயோடின் குறைவும் இருக்கும்போது செலினியத்தை மட்டும் கொடுத்தால், அந்த நொதிகள் சுறுசுறுப்பாகி, கையிருப்பில் உள்ள டி4 என்ற தைராய்டு ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும். ஆப்பிரிக்காவின் அன்றைய ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டில் இது நடந்தது. முதலில் அயோடின், பிறகுதான் செலினியம்.

காய்ச்சல் வந்தபிறகு தொடங்கினால் பயன் உண்டா?

எதிர்பார்க்க வேண்டாம். நொதிகள் புதிதாக உருவாகி நிரம்ப வாரங்கள் பிடிக்கும். பிரிட்டன் ஆய்விலும் சொட்டு மருந்துக்கு முன் பல வாரங்கள் மாத்திரை கொடுத்திருந்தார்கள். காய்ச்சலின்போது நீர், ஓய்வு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனை. பசி திரும்பியதும் கஞ்சியோடு நிறுத்தாமல் அவித்த முட்டையோ மீனோ, சைவமென்றால் பருப்பும் தயிரும் சேர்த்துக்கொள்ளுங்கள்.